காஸ் மாத்திரை: எதற்காக? எதுவரை?

எழுபது வயதைக் கடந்த பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். இது இரத்த அழுத்தத்துக்கு, இது சர்க்கரைக்கு, இது கொழுப்புக்கு என்று அவர்களே எடுத்துச் சொல்வார்கள். அவற்றோடு, காலையில் எல்லாவற்றுக்கும் முதலாவதாக விழுங்கப்படும் ஒரு மாத்திரையும் இருக்கும். அதன் பெயரைக் கேட்டால் ‘காஸ் மாத்திரை’ என்பதே பதிலாக வரும். அதை யார் எழுதிக் கொடுத்தார், எந்த நோய்க்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டால், பல வீடுகளில் தெளிவான விடை கிடைப்பதில்லை.

மருந்துக் கடையில் நடக்கும் பேச்சும் சுருக்கமானது. “தம்பி, அந்த காஸ் மாத்திரை ரெண்டு அட்டை கொடுப்பா” என்பார் பெரியவர். “இந்தாங்க ஐயா” என்று அட்டைகள் வந்துவிடும். மருத்துவர் சீட்டு கேட்கப்படுவதில்லை. ஆனால், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாத மருந்து இது என்று அந்த அட்டையின் பின்புறத்திலேயே பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது.

வாங்கிய கடன் அடைந்த பிறகும், மாதந்தோறும் கணக்கிலிருந்து பணம் பிடித்துக்கொள்ளும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்த கடிதம் திரும்பப் பெறப்படாமல் இருந்தால் என்ன ஆகும்? யாரும் கவனிக்காதவரை பணம் போய்க்கொண்டே இருக்கும். காரணம் மறந்துபோன மாத்திரையும் அத்தகையதே. அதே சமயம், கடன் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கடிதத்தைத் தாமாகவே ரத்து செய்வதும் ஆபத்துதான். இந்த மருந்தில் இரண்டு பக்கமும் கவனம் தேவை.

மாத்திரை செய்யும் வேலை

பான்டோபிரசோல், ஒமிப்பிரசோல், ரபிபிரசோல், ஈசோமிப்பிரசோல் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடையில் விற்கும் பெயர் எதுவாக இருந்தாலும், அட்டையில் ‘பிரசோல்’ என்று முடியும் சொல் இருந்தால் அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மருந்தாக இருக்கும். இரைப்பையின் உட்சுவரில் அமிலத்தைச் சுரந்து வெளியே தள்ளும் நுண்ணிய இயந்திரங்கள் உள்ளன. இம்மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. மருந்து இரத்தத்தில் சில மணி நேரமே தங்கினாலும், நின்றுபோன இயந்திரங்களுக்குப் பதிலாகப் புதியவை உருவாக வேண்டியிருப்பதால், அதன் பயன் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறது.

இக்குடும்பத்தின் மூத்த மருந்தான ஒமிப்பிரசோல் 1988-இல் சுவீடனில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. வயிற்றுப் புண்ணுக்கு அறுவைச் சிகிச்சை சாதாரணமாக இருந்த காலத்தை மாற்றியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. எனவே இது கெட்ட மருந்து என்று எண்ண வேண்டியதில்லை. உரிய காரணத்துக்கு, உரிய காலத்துக்கு எடுத்துக்கொண்டால் இது உயிர் காக்கும் மருந்து.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இது அமிலத்தைக் குறைக்கும் மருந்து. வயிற்றில் உள்ள வாயுவைக் குறைக்கும் மருந்தன்று. சாப்பிட்டதும் வயிறு உப்புவது, கீழ்க்காற்று பிரிவது, மலச்சிக்கலால் வரும் பொருமல் ஆகியவற்றுக்கு அமிலம் காரணமாக இல்லாதபோது இதனால் பயன் விளைவதில்லை. ‘காஸ் மாத்திரை’ என்ற பெயரே பலரைத் தவறான காரணத்துக்காக இதை விழுங்க வைக்கிறது.

எப்போது, எப்படி விழுங்குவது?

உணவு வரும்போதுதான் இரைப்பையின் அமில இயந்திரங்கள் முழுமையாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். ஆகவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு தண்ணீரோடு விழுங்குவதே முறை. விழுங்கிவிட்டு நண்பகல் வரை பட்டினி இருந்தால் மருந்தின் முழுப் பயன் கிடைக்காது. பூஜை முடித்த பிறகே உணவு என்ற நியமம் உள்ளவர்கள், எழுந்தவுடன் மாத்திரை போட்டுக்கொள்வதைவிட, உணவு நேரத்தைக் கணக்கிட்டு அதற்கு அரை மணிக்கு முன்பு போட்டுக்கொள்வது நல்லது.

ஏகாதசி போன்ற விரத நாட்களில் மருந்து உட்கொள்வது விரதத்துக்குப் பங்கம் ஆகாது என்பது சாஸ்திரம் அறிந்த பெரியோர் காட்டிய வழி. ஆனால் முழுப் பட்டினி நாளில் எந்தெந்த மாத்திரையை எப்போது எடுப்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலில் சென்று கரைவதற்காக அதன்மேல் ஒரு பூச்சு இடப்பட்டிருக்கிறது. பூச்சு உடைந்தால் மருந்து வழியிலேயே கெட்டுவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் மருத்துவரிடம் சொன்னால் வேறு வடிவத்தில் எழுதித் தருவார். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது.

முழுப் பயன் தெரிய மூன்று நான்கு நாட்கள் ஆகும். எனவே விருந்து உண்ட இரவில் நெஞ்சு எரிந்தவுடன் ஒரு மாத்திரை விழுங்கி, அது உடனே தணியவில்லை என்று இன்னொன்றை விழுங்குவது வீண்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

கடையில் கிடைக்கும் பல அட்டைகளில் மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘டி’, ‘டி.எஸ்.ஆர்.’, ‘எல்’ போன்ற எழுத்துகள் காணப்படும். இவை வெறும் அலங்காரம் அல்ல. கூடவே இரண்டாவது மருந்து ஒன்று கலக்கப்பட்டிருப்பதன் அடையாளம்.

‘டி’ என்பது பெரும்பாலும் டோம்பெரிடோன். குமட்டலை நிறுத்தப் பயன்படும் இம்மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கும். ஐரோப்பிய மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2014-இல் இதை ஆராய்ந்து, ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளொன்றுக்கு மூன்று வேளை என்ற அளவைத் தாண்டக் கூடாது என்றும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சுட்டிக்காட்டியது. இத்தகைய கலவையை ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கும் இதய நோயாளிகள் உடனே மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

‘எல்’ என்பது பெரும்பாலும் லெவோசல்பிரைடு. முதியவர்களுக்கு இதை நீண்ட நாள் கொடுத்தால் கைநடுக்கம், நடையில் தளர்ச்சி, உடல் விறைப்பு, உதடும் நாக்கும் தாமாக அசைதல் ஆகியவை தோன்றக்கூடும். பார்ப்பவர்கள் அதை நடுக்குவாத நோய் என்றே எண்ணிவிடுவார்கள். புதிதாக நடுக்கம் கண்ட பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது பெரிய உதவி. மருந்தே காரணம் என்றால், அதை நிறுத்தியபின் பலருக்கு அக்குறைகள் குறைகின்றன.

எத்தனை நாள்?

நெஞ்செரிச்சல் நோய்க்கு வழக்கமான காலம் 4 முதல் 8 வாரம். முன்சிறுகுடல் புண்ணுக்கு ஏறத்தாழ 4 வாரம்; இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம். புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று தெரிந்தால், கிருமிக்கொல்லி மருந்துகளோடு சேர்த்து இது பெரும்பாலும் 14 நாட்கள் தரப்படுகிறது. இந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கிருமி ஒழிந்தால் பலருக்குப் புண் மீண்டும் வருவதில்லை, மாத்திரையும் தேவைப்படுவதில்லை.

மருத்துவமனையில் சில நாட்கள் தங்கியபோது பாதுகாப்புக்காக எழுதப்பட்ட மாத்திரை, வீடு திரும்பிய பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது உண்டு. முழங்கால் வலிக்கு வலி மாத்திரை எடுத்த பத்து நாட்களுக்குத் துணையாக வந்தது, வலி மாத்திரை நின்ற பின்னும் தங்கிவிடுவதும் உண்டு. தக்க காரணம் இன்றி முதியவர்களுக்கு 8 வாரத்துக்கு மேல் இதைக் கொடுப்பதைத் தவிர்க்குமாறு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் கூறுகிறது.

முதுமை என்று எண்ணப்படும் பக்கவிளைவுகள்

குறுகிய காலத்தில் சிலருக்குத் தலைவலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், வயிற்று வலி வரலாம். அவை பெரும்பாலும் தாமே தணியும். நெடுங்காலப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை வேறு.

முதலாவது வைட்டமின் பி12 குறைவு. உணவில் உள்ள இந்தச் சத்தைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் தேவை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இம்மருந்தை எடுப்பவர்களிடம் இக்குறைவு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. சைவ உணவு உண்பவர்களுக்கு இச்சத்து பால், தயிர், மோர் ஆகியவற்றில் இருந்தே பெரிதும் கிடைப்பதால், அவர்களின் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்பார்மினும் பி12-ஐக் குறைக்கக்கூடியது. இம்மூன்றும் ஒருவரிடம் சேரும்போது எச்சரிக்கை அவசியம்.

பி12 குறைந்தால் பாதங்கள் மரத்துப்போகும், நடக்கையில் தள்ளாடும், மறதி கூடும், சோர்வும் இரத்தசோகையும் வரும். பிரகாரம் சுற்றும்போது கால் பின்னுகிறது, நெடுநாள் மனப்பாடமான சுலோகத்தில் அடி மறக்கிறது என்றால், “வயசாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். வயதும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் இக்குறைவு தெரிந்துவிடும். மாத்திரையாலோ ஊசியாலோ ஈடு செய்யவும் முடியும். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுதும் மீளாமல் போகலாம் என்பதால், காலத்தே பார்ப்பது முக்கியம்.

இரண்டாவது மக்னீசியம் குறைவு. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் இது தோன்றியிருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011-இல் எச்சரித்தது. தசைப்பிடிப்பு, நடுக்கம், படபடப்பு, சில சமயம் வலிப்பும் இதன் அறிகுறிகள். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையையோ, இதயத்துக்கான டிகாக்சினையோ சேர்த்து எடுப்பவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து.

மூன்றாவது எலும்பு. ஓராண்டுக்கு மேலோ, அதிக அளவிலோ எடுப்பவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு சற்றுக் கூடுதலாகக் காணப்படலாம் என்று அதே நிறுவனம் 2010-இல் அறிவித்தது. நான்காவது குடல் தொற்று. அமிலம் ஒரு காவல். அது குறையும்போது உணவோடு வரும் கிருமிகள் எளிதில் உள்ளே செல்கின்றன. யாத்திரையின்போது தண்ணீரிலும் உணவிலும் இவர்கள் கூடுதல் தூய்மை பார்க்க வேண்டும். நிற்காத வயிற்றுப்போக்கு கண்டால் காத்திருக்கக் கூடாது. ஐந்தாவதாக, அரிதாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி வரலாம். சிறுநீர் குறைதல், காய்ச்சல், தோல் தடிப்பு, காரணமற்ற சோர்வு ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இவற்றைப் படித்து அஞ்ச வேண்டியதும் இல்லை. இவற்றுள் பல, மருந்து எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுக் கண்ட தொடர்புகளே. மருந்துதான் காரணம் என்று முழுதும் நிறுவப்பட்டவை அல்ல. 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 17,598 பேரில் ஒரு பகுதியினருக்குப் பான்டோபிரசோலும் மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரையும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தரப்பட்டன. குடல் தொற்று மட்டுமே மருந்து எடுத்தவர்களிடம் தெளிவாகக் கூடியிருந்தது. அதுவும் நூற்றுக்கு 1.0 என்பது 1.4 ஆனதே. காரணம் இருக்கும்போது இம்மருந்தின் நன்மை பெரிது என்பதற்கு இதுவும் சான்று. காரணம் இல்லாதபோது சிறிய ஆபத்தையும் ஏன் சுமக்க வேண்டும் என்பதே கேள்வி.

கூட இருக்கும் மருந்துகள்

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரப்படும் குளோபிடோகிரெல் என்ற மருந்தின் வேலையை ஒமிப்பிரசோலும் ஈசோமிப்பிரசோலும் குறைக்கக்கூடும். பான்டோபிரசோலில் இந்தக் குறை சிறிதே. ஆகவே கடையில் ‘அது இல்லை, இதுவும் அதுபோலத்தான்’ என்று மாற்றிக் கொடுத்தால், மருத்துவரிடம் கேட்காமல் ஏற்கக் கூடாது.

தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் உடலில் சேர்வதை இம்மருந்து குறைக்கலாம். காஸ் மாத்திரை புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும், சில வாரங்கள் கழித்துத் தைராய்டு அளவைப் பார்க்கச் சொல்லலாம். சுண்ணாம்புச் சத்தில் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். கால்சியம் சிட்ரேட்டுக்கு அது தேவையில்லை. எது பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்வார்.

தாமாக நிறுத்தக் கூடாதவர்கள்

ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து எடுப்பவர்கள், இரத்தக் கசிவுள்ள வயிற்றுப் புண் முன்பு வந்தவர்கள், வயது முதிர்ந்து தொடர்ந்து வலி மாத்திரை எடுக்க வேண்டியவர்கள், உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை ஒரு காவல். பக்கவிளைவுச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு இவர்கள் திடீரென்று நிறுத்தினால், வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

இக்காரணங்கள் இல்லாதவர்களும் மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும். நெடுநாள் அடக்கப்பட்ட அமிலம், மருந்து நின்றவுடன் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேர் பங்கேற்றனர். 8 வாரம் மருந்து எடுத்து நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன; மருந்தற்ற மாத்திரை எடுத்தவர்களில் 15 பேருக்கே வந்தன. நிறுத்திய சில நாட்களில் எரிச்சல் வந்தால் ‘பார்த்தாயா, இது இல்லாமல் முடியாது’ என்று மீண்டும் தொடங்குவதன் காரணம் இதுதான். அந்த எரிச்சல் பழைய நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சில வாரங்களில் தணியக்கூடியது. அளவைப் பாதியாக்குவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது, இடையில் எரிச்சலுக்குத் திரவ அமிலமுறி மருந்தைப் பயன்படுத்துவது என்று மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

இரவு உணவைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கட்டை வைப்பது, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது, காபியைக் குறைப்பது ஆகியவை இக்காலத்தில் பெரிதும் துணை செய்யும்.

காஸ் அல்லாத காஸ்

மார்பின் நடுவில் அழுத்தம், மூச்சிரைப்பு, வியர்வை, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி ஆகியவற்றை ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணி மாத்திரை விழுங்கிக் காத்திருந்து உயிரிழந்தவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு வெறும் மேல்வயிற்று எரிச்சலாகவும் குமட்டலாகவும் வரக்கூடும். புதிதாக இத்தகைய தொல்லை வந்தால் மாத்திரையைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கருநிற மலம், இரத்த வாந்தி, விழுங்கும்போது உணவு அடைத்தல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை எரிச்சலை மட்டும் தணித்துவிட்டு, உள்ளே இருக்கும் பெரிய நோயை மறைத்துவிடக்கூடும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, அட்டையை அவர் முன் வைத்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது எனக்கு எதற்காக? எந்தத் தேதி வரை? தொடர வேண்டுமானால் பி12-ஐயும் மக்னீசியத்தையும் எப்போது பார்க்க வேண்டும்? கிடைக்கும் விடையை மருத்துவச் சீட்டிலேயே எழுதி வாங்கி, மாத்திரைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உள்ள பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துக் காட்டினால், அதுவும் பெரியோர்க்குச் செய்யும் நல்ல தொண்டாகும்.